பிடிபட்ட குரல்

"என் செல்லத்தோட குரல்தாங்க இது! கடத்திட்டுப் போனவன் சிக்கிட்டான்!"

பல் டாக்டர் போட்ட கூச்சலில், சோபாவில் குப்புறப் படுத்திருந்த அவள் கணவர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று மறுபடியும் சாய்ந்தார். அவள் ஊரில் இல்லாத நாளில் குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். அன்று பிடித்த பிடிப்பு இன்னும் விட்டபாடில்லை.

செல்லம் என்றால் பிள்ளையோ நாய்க்குட்டியோ அல்ல, ஆம்ப். கிட்டாரின் முனகலை வாங்கி முழக்கமாக்கித் தருகிற, உள்ளே கண்ணாடிக் குழல்கள் செக்கச்செவேலென்று கனல்கிற பழைய வால்வ் ஆம்ப். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம்.

பகலெல்லாம் ஊரார் வாயில் டிரில்லோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, விடிகாலையில் கொஞ்ச நேரம் அதில் வாசித்தால்தான் கை நிதானப்படும். சத்தத்தை நன்றாகக் கூட்டினால்தான் அந்த ஆம்ப் வாயையே திறக்கும். அதற்காகக் கணவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அவள் வெளியூரில் ஒரு மருத்துவக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தபோது, ஆம்ப் இருந்த மூலை வெறிச்சென்று கிடந்தது. "நான் ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து நுழைஞ்சிருக்கான்" என்று கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போலீசுக்கு அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வரும்போது ஒசத்தியான ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கி வந்தார். ஆம்ப் புரொஃபைல்கள் கிடைக்கிற இணையதளத்தைத் தேடிக் காட்டியவரும் அவர்தான்.

ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதன் முன்னால் மைக்கை நிறுத்தி, கம்ப்யூட்டரிலிருந்து விதவிதமான ஓசைகளை உள்ளே அனுப்பி, அது எப்படித் திருப்பிப் பேசுகிறது என்று பதிந்துகொள்வார்கள். அதன் குணம் முழுவதும் ஒரு சின்ன ஃபைலில் அடங்கிவிடும். எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தளத்தில் போட்டுவிடுவார்கள். இறக்கிக்கொண்டால் நம் கிட்டார் அந்த ஆம்ப்பின் குரலில் பேசும், அதுவும் நம் காதுக்குள் மட்டும்.

இன்று இறக்கிய புரொஃபைலில்தான் அவள் அந்தத் திணறலைக் கேட்டாள். தடித்த தந்தியை ஓங்கி மீட்டினால் ஒரு கணம் தொண்டை கட்டினாற்போல் தடுமாறி, பிறகு குபுக்கென்று எழுந்தது. ஜோடி சேராத இரண்டு வால்வுகளை மாட்டி அவளே வரவழைத்த சீக்கு அது.

"இந்த மாதிரி ஆம்ப் ஊருல ஆயிரம் இருக்கும்மா" என்றார் கணவர், இடுப்பை நீவிக்கொண்டே.

"பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் நான் அடைச்ச பல்லை எனக்கு அடையாளம் தெரியும். என் ஆம்ப் தெரியாதா?"

'உங்கள் புரொஃபைல் பிரமாதம், அசல் ஆம்ப்பில் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாமா?' என்று அதைப் போட்டவனுக்குத் தேனொழுக எழுதினாள். உடனே பதில் வந்தது. 'தாராளமா வாங்க.' கூடவே விலாசம், நாலு தெரு தள்ளித்தான். ஐந்தாவது மாடி, லிஃப்ட் உண்டு.

"திருடினதையும் திருடிட்டு, லிஃப்ட் இருக்குன்னு வேற சொல்றான். எவ்வளவு கொழுப்பு பாருங்க!"

"வம்பு எதுக்கும்மா? போனது போகட்டும். ஹெட்ஃபோன் நல்லாத்தானே இருக்கு?"

"எழுந்து கிளம்புங்க."

கிட்டார் பையை அவர் தோளில் மாட்டிவிட்டாள். அந்த ஆம்ப்பிலேயே வாசித்து, திருடன் முகத்துக்கு நேரே நிரூபிக்க வேண்டுமே. வழி நெடுக அவள் வசவுகளை ஒத்திகை பார்த்தாள். அவர் பின்னால் ஆமையாக நகர்ந்து வந்தார்.

லிஃப்ட் வாசலில் நின்றுவிட்டார். "நீ போ. நான் கீழேயே நிக்கிறேன். அவன் தப்பிச்சு ஓடி வந்தா மடக்கிப் பிடிக்க வசதியா இருக்கும்."

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நீங்க மடக்கப் போறீங்களாக்கும்! பேசாம வாங்க."

இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைக் கட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டாள். ஆனாலும் தனக்காக வலியோடு வருகிறாரே என்று மனசு இளகியது. லிஃப்ட்டுக்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாடியில் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ வாசிப்பது கேட்டது. திணறி, தடுமாறி, குபுக்கென்று எழுந்தது குரல். ஃபைலில் கேட்டது அல்ல, அசல். மரப்பெட்டி அதிர்வது காலடித் தரையில் தெரிந்தது. சண்டைக்கு வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழைப்பு மணியை அழுத்தினாள். முதல் வசவு நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கதவு திறந்தது. கழுத்தில் கிட்டாரோடு கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளுக்கானதாக இல்லை. அவள் தோளைத் தாண்டி, பின்னால் தலையைக் குனிந்து நின்றவரிடம் போனது.

"அட, வாங்க சார்! கிட்டாரையும் குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"