நாற்பத்தெட்டு மார்க்

மேச்சேரிச் சந்தையில் சின்னுசாமியை ஏமாற்றிச் செம்மறி விற்றவன் இன்னும் பிறக்கவில்லை.

கொழுத்த கிடா ஒன்றும் ஒல்லிக் கிடா ஒன்றும் முன்னால் நின்றன. அவர் இரண்டையும் தொடவில்லை. எந்தப் பட்டி என்றுதான் முதலில் கேட்டார்.

கொழுத்தது காவிரிக்கரைப் பட்டி. அங்கே புல்லுக்கு என்ன பஞ்சம், நோஞ்சான்கூட உருண்டுதான் இருக்கும். ஒல்லியானது மேட்டுக்காட்டுப் பட்டி. கூட வளர்ந்ததெல்லாம் எலும்பும் தோலுமாய் நிற்க, இது மட்டும் ஒரு சாண் ஓங்கி நின்றது. இதன் கயிற்றைத்தான் பிடித்தார்.

பார்த்துக்கொண்டிருந்த சரவணமுத்து வாத்தியார் சிரித்துவிட்டார். மாற்றலாகிப் போய், பல வருஷம் கழித்து அன்றுதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். ஊர்ச்சேதி எதுவும் அவருக்குத் தெரியாது.

"மார்க்கையும் இப்படித்தானுங்க பார்க்கோணும். உங்க சின்னவன் நாப்பத்தெட்டு வாங்குன வருசம், எங்க பள்ளிக்கூடத்துல வேற ஒருத்தனும் முப்பதைத் தாண்டலீங்க."

சின்னுசாமி கிடாயை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

மகன்கள் இருவரும் ஒரே வருஷம்தான் எட்டாவது எழுதினார்கள். பெரியவன் மணியன், குமாரபாளையத்தில் மாமன் வீட்டிலிருந்து படித்தவன், நூற்றுக்கு எழுபத்தொன்று. சின்னவன் கந்தவேல், உள்ளூரில் படித்தவன், நாற்பத்தெட்டு. சேலத்துக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஒருவனுக்குத்தான் வீட்டில் தெம்பு இருந்தது. எது பெரிசு என்று பச்சைப்பிள்ளையும் சொல்லுமே! மணியன் சேலம் போனான். கந்தவேல் ஆட்டுக்குப் பின்னால் போனான், பிறகு பட்டாளத்துக்குப் போனான். பர்மாவிலிருந்து சாவுச்சேதிதான் வந்தது.

படிப்பு வராத பிள்ளை, நான் என்ன செய்வேன் என்று சொல்லிச் சொல்லித்தான் மனுஷன் இத்தனை நாள் சோறு தின்றார்.

குமாரபாளையத்தில் எழுபது மார்க் என்பது பாதிப் பிள்ளைகள் வாங்கியதுதான். மாமன் அப்போதே சொன்னான், இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிடாய்க்குக் கேட்ட கேள்வியைப் பெற்ற பிள்ளைக்குக் கேட்கவில்லையே, பாவி!

சின்னவன் மார்க்கைப் பற்றித் தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று முனகினார்.

"கந்தவேல்கிட்ட அன்னைக்கே சொன்னனுங்களே. இந்தப் பள்ளிக்கூடத்துக்கே நீதான் ஒசத்தி, ஊட்டுல போய் அப்பன்கிட்டச் சொல்லு சாமின்னு. சொல்லலீங்களா?"

மார்க் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த கந்தவேல், வாசலில் நின்றபடியே ஒன்றுதான் சொன்னான். தனக்குப் படிப்பு ஏறவில்லையாம், அண்ணனையே அனுப்பினால் போதுமாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.