கீழ் வீட்டுச் சிக்கனம்

"தப்பு என்மேலதான் மாமா. அக்கா கையிலேயே கார்டைக் குடுத்துருங்க."

சரண்யா இப்படிச் சொன்னதும் பந்தலில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தமெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தது. பேச்சுக்குப் பேச்சு மல்லுக்கு நிற்கிற சின்ன மருமகளா இது?

விடிந்தால் மூத்த மருமகள் அன்புமொழியின் மகளுக்குக் காதுகுத்து. பொன்னமராவதி, விராலிமலை என்று அங்கங்கேயிருந்து வந்த சனம் இலுப்பூர் வீட்டு வாசலை நிறைத்திருந்தது. சீரியல் லைட்டு பளபளக்க, மைக் செட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு மாமனார் அழகுமலை பஞ்சாயத்தை ஆரம்பித்திருந்தார்.

பஞ்சாயத்து வேறொன்றுமில்லை, கரன்ட் பில்தான். மாடியில் சின்னவன் பிரசாந்தும் சரண்யாவும் குடியிருந்தார்கள், கீழே மூத்தவன் திருமுருகனும் அன்புமொழியும். ஆளுக்கொரு மீட்டர். மாடிக்கு ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் பில் தீட்டும், கீழ் வீட்டுக்கு ஒரு பைசா வராது.

"ஏ சரண்யா, வீட்டுக்குள்ள ரைஸ்மில்லா ஓட்டுற?" என்று கேட்டாள் அழகுமலையின் அக்கா சின்னப்பிள்ளை. பந்தலே சிரித்தது.

"நல்லாக் கேளுங்க பெரியம்மா!" அன்புமொழிக்கு வாயெல்லாம் பல். "நூறு யூனிட்டு ஃப்ரீ. அதைத் தாண்ட விடுவேனா நானு? இந்தா, பந்தலுக்கு ஜெனரேட்டர் வைக்கணும்னாரு செட்டுக்காரரு. என்னத்துக்குத் தண்டச் செலவுன்னு வீட்டு லைன்லயே மாட்டச் சொல்லிட்டேன். இந்த வீடு கட்டுறப்ப வயரிங்குக்குக்கூட ஆள் வைக்கலையே! எங்க வீட்டுக்காரரே மேலயும் கீழயும் வயர் இழுத்து முடிச்சுட்டாரு. குடும்பம் பண்றதுன்னா சும்மாவா?"

இதே பேச்சையும் இதே சிரிப்பையும் சரண்யா தன் வளைகாப்பில் கேட்டாள், கோயில் கெடாவெட்டில் கேட்டாள். ஃபேனை அணைத்துவிட்டுக் கைப்பிள்ளையோடு வேர்த்துக் கிடந்தாள். மிக்சியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அம்மியில் அரைத்தாள். பில் மட்டும் இறங்குவேனா என்றது.

போன கோடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு அவள் அம்மா வீட்டில் போய் இருந்தார்கள். அப்போதும் பில் அப்படியேதான் வந்தது. "பூட்டுன வீட்டுக்குள்ள பேய்க்கு ஃபேன் போட்டுட்டுப் போனியாக்கும்?" என்று அன்புமொழி தெருவில் வைத்துக் கேட்டாள். கட்டிய புருசனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அன்றைக்கு மீட்டர் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள் சரண்யா. 'இருக்கட்டும், ஒனக்கு ஒரு நாள் வச்சிருக்கேன்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டதோடு சரி.

இப்போது அழகுமலை தீர்ப்பும் சொல்லிவிட்டார். இனி ரெண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்படி. பிரசாந்தின் ஏடிஎம் கார்டு அன்புமொழி கையில் இருக்கும். பிள்ளைக்கு ஒரு பால் பாக்கெட் வாங்குவதானாலும் சரண்யா இனி ஓரகத்தியிடம்தான் கையேந்த வேண்டும். அதற்குத்தான் அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்திருந்தாள்.

பிரசாந்த் பெண்டாட்டி பக்கம் திரும்பாமலே கார்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். அன்புமொழி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒரு நிமிசம் மாமா," என்றாள் சரண்யா. "ஒரே அடுப்படின்னு ஆனப்புறம் எங்களுக்கு மேல என்ன வேலை? மாடி வீட்டைப் பூட்டிட்டு வந்துர்றேன், அப்பறமா குடுங்க. நாளைக்குன்னு தள்ளிப் போட்டா எனக்கே மனசு மாறிப் போகும்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே. போயிட்டு வா தாயி," என்றார் அழகுமலை. கார்டு அவர் கையிலேயே இருந்தது.

"கதவைப் பூட்டுனாப் போதும்," என்றாள் அன்புமொழி அவசரமாக. "வேற எதையும் போட்டு நோண்டாத."

"சரிக்கா." சரண்யா அடக்க ஒடுக்கமாகச் சொல்லிவிட்டுப் படியேறினாள். அவள் முகத்தை அப்போது யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள்.

பஞ்சாயத்து முடிந்த சந்தோசத்தில் செட்டுக்காரர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பாட்டு பாதியிலேயே பொட்டென்று நின்றது. பந்தல் இருண்டது, ஃபேன் ஓய்ந்தது, கீழ் வீட்டுப் பின்கட்டில் இட்லிக்கு ஆடிக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றுபோனது.

"போச்சுடா, கரன்ட் போயிருச்சு! நான்தான் ஜெனரேட்டர் வைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே," என்று செட்டுக்காரர் புலம்பினார்.

"எங்கிட்டுய்யா போச்சு? எதுத்த வீட்ல டிவி ஓடுது, தெருலைட்டு எரியுது," என்றாள் சின்னப்பிள்ளை. கீழ் வீட்டுக்குள்ளே சாமி மாடத்துச் சிவப்பு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"ஏன்டா திருமுருகா, வயரிங் பண்ணவன் நீதானே! எந்திரிச்சுப் போயி என்னன்னு பாரு," என்று அதட்டினார் அழகுமலை.

திருமுருகன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கார்டுக்காக முன்னால் வந்து நின்ற அன்புமொழியின் கண் மாடிப்படிக்குப் போனது.

அழகுமலை மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆத்தா சரண்யா, அங்கிட்டாவது கரன்ட் இருக்கா?"

மாடிப்படியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி பதில் வந்தது.

"கரன்ட்டெல்லாம் போகல மாமா. எங்க வீட்டு மெயினைத்தான் அமத்தியிருக்கேன்!"