தண்ணீர் கேட்காத செடி

ஜூலை வெயிலில், கல்லறைக்கு முன்னால் ரைமன் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கூட வந்த இளைஞன் மண்கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே நின்றுகொண்டான்.

தலைக்கல்லில் கல்லறைத் தோட்ட நிர்வாகம் ஒட்டிய மஞ்சள் சீட்டு. பராமரிப்பு இல்லை; இம்மாதத்துக்குள் சீர்செய்யாவிட்டால் கல்லை அகற்றிப் புல் விதைக்கப்படும்.

பக்கத்துக் கல்லறைக்கு நீர் விட்டுக்கொண்டிருந்த ஹில்ட்ரூட் அம்மாள் பூவாளியைக் கீழே வைத்தாள்.

"இப்பவாவது வழி தெரிஞ்சுதே. மூணு வருஷமா உங்க களையெல்லாம் என் வீட்டுக்காரர் தலைமாட்டுலதான் முளைக்குது."

"மன்னிச்சுக்குங்கம்மா. நிர்வாகத்தோட கடுதாசி போன வாரந்தான் கிடைச்சுது."

பெட்டியில் பன்னிரண்டு கல்ரோஜாச் செடிகள் இருந்தன. தடித்த இலைகள் ரோஜா இதழ்போல் அடுக்கிய ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும்; உறைபனியிலும் பச்சை மாறாது. ரைமன் உரமண்ணை அள்ளினார்.

"அதைப் போடாதீங்க, கொழுத்து அழுகிடும். பாதிக்குப் பாதி சரளை கலந்துக்குங்க. பட்டினி போட்டாத்தான் இது பிழைக்கும்." சொன்னதோடு நிற்காமல், நடைபாதை ஓரத்திலிருந்து இரண்டு கை சரளையும் அள்ளிவந்து கொட்டினாள்.

"தண்ணியே ஊத்தாம ஆறு வருஷம் தாங்குங்களா?"

"எங்க கொட்டகை ஓட்டு மேல இருபது வருஷமா கிடக்குது. அதென்ன ஆறு?"

"அதுக்கப்புறம் நானே வந்து பாத்துக்குவேன்."

வெளியூர் வேலை போலிருக்கிறது என்று நினைத்த அம்மாள், இளைஞன் பக்கம் திரும்பினாள்.

"அதுவரைக்கும் நீ வந்து ஊத்தக் கூடாதா தம்பி? அப்பா மண்ணுல உருளுறாரு. நீ அவரைக்கொடிக்கு நட்ட கொம்பு மாதிரி நிக்கிறே."

"எனக்கு அனுமதி இல்லைங்க."

"அவ்வளவு கண்டிப்பான அப்பாவா? பாத்தா அப்படித் தெரியலையே."

ரைமன் கடைசிச் செடியை ஊன்றி, சுற்றிலும் விரலால் அழுத்தினார். பிறகு கல்லின் தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். ரோஸ்விதா ரைமன். வயது நாற்பத்தெட்டு.

இளைஞன் கடிகாரத்தைப் பார்த்தான். "நேரமாச்சு, ரைமன். எழுந்திருங்க."

"பெத்தவரைப் பேர் சொல்லியா கூப்பிடுறே? நல்ல காலம்தான்," என்று முணுமுணுத்த அம்மாள், கல்லில் இருந்த வயதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "போற வயசா இது. மனைவிதானே?"

"ஆமாங்க."

"என் வீட்டுக்காரருக்கு நுரையீரல்ல கோளாறு. ஒரு வருஷம் படுக்கையிலயே கிடந்தாரு. இவங்களுக்கு என்ன வியாதி?"

ரைமன் எழுந்து நின்றார். மண்கரண்டியை இளைஞனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் எடுத்த கைவிலங்குக்கு மணிக்கட்டுகளை நீட்டினார். அம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வியாதி எதுவும் இல்லைம்மா. நான்தான்."