இடது முன்சீட்டு

நான்காவது கடிதத்தை நேரிலேயே கொண்டுவந்திருந்தார்.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பார்வையில் முந்தைய மூன்று கடிதங்களின் தேதிகள். இணைப்பாக மூன்று பதிவுத் தபால் ரசீதுகளின் நகல், செய்தித்தாளில் வெட்டிய துண்டு ஒன்று. அடிக்கோடுகளை ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்.

சர்வீஸ் சென்டர் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் பிரிக்கவேயில்லை. வண்டி எண்ணை மட்டும் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வண்டி நின்றது. மகளுக்குக் கல்யாணச் சீராக அவர் வாங்கிக் கொடுத்தது. செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் ஊரில் அவ்வளவு உயரமான வண்டி வேறு யாரிடமும் இல்லை.

மாப்பிள்ளை உள்ளே வரவில்லை.

"அஞ்சு நிமிசந்தானுங்க மாமா? முகூர்த்தம் பத்தரைக்கு."

சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விட்டார். பங்காளி வீட்டுக் கல்யாணம். போகிற வழிதானே என்று இவர்தான் நிறுத்தச் சொன்னார்.

துண்டுச் செய்தியில் இருந்தது இவ்வளவுதான். அந்த வருடத்து மாடலில், முன்சீட்டு ஏர்பேக் விரியும்போது அதற்குள் இருக்கும் இரும்புக் குப்பி வெடித்துச் சிதறலாம். உட்கார்ந்திருப்பவர் முகத்தில். கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுக்கும்.

படித்த அன்றே மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"நம்ம வண்டி அந்த லிஸ்ட்டுல இல்லீங்க மாமா."

நம்பினார். நம்பினாலும், எதற்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டுவைப்பது அவர் பழக்கம். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினார். பிறகு இன்னொன்று.

"ஒரு மனுசன் மூணு லெட்டர் போட்டிருக்கறான். ஒரு வரி பதில் போட உங்க கம்பெனிக்குக் கை வராதுங்களா?"

"மூணுக்கும் போட்டிருக்கோமே சார்." அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி உங்க பேர்ல இல்லீங்களே. பதில் ஓனர் அட்ரஸுக்குத்தான் போகும்."

வண்டி மாப்பிள்ளை பேரில் இருந்தது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"லிஸ்ட்ல இருக்கற வண்டிதானுங்க. போன ஜூன்லயே ஓனர் எடுத்துட்டு வந்துட்டாருங்களே. அன்னைக்கு ஒரு பக்கத்துக்குத்தான் பார்ட் இருந்துச்சு. எந்தப் பக்கம் போடட்டும்னு கேட்டோம். அவருதான் சொன்னாரு."

வலது: முடிந்தது.

இடது: நிலுவை.

"இடது பக்கத்துக்குப் பத்தே நாள்ல வந்துருச்சு. ஒம்பது தடவை கூப்பிட்டுட்டோம் சார். அவசரமில்லைன்னுட்டாரு."

பதினொரு மாதம்.

அந்தப் பதினொரு மாதத்தில்தான் குலதெய்வக் கோவிலுக்கு வந்தார்கள். மகள் முன்சீட்டில். சம்பந்தியம்மா பின்சீட்டில். பெற்றவளைப் பின்னால் உட்காரவைத்துவிட்டுக் கட்டினவளை முன்னால் உட்காரவைக்கிற ஆண்பிள்ளை அந்தப் பக்கத்தில் எத்தனை பேர்? கோவில் வாசலில் நாலு பேர் பார்க்க அப்படி வந்து இறங்கினாள். அன்று மாலையே திருப்பூரில் இருக்கும் அக்காவுக்கு இரண்டு பக்கம் எழுதினார். நம் பிள்ளையை மாப்பிள்ளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார்.

"இப்பவும் ஸ்டாக் இருக்குதுங்க சார். ரெண்டு மணி நேர வேலை. ஓனர் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

கடிதத்தை எடுத்தார். இருந்த மடிப்பிலேயே மடித்தார். சட்டைப் பையில் வைத்தார்.

வெளியே வெயிலில் கண் கூசியது.

மகள் ஏசியைப் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவையோடு முன்சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். போனில் எதையோ பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சுங்களா மாமா? என்ன சொல்றாங்க?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. சாவியக் குடுங்க. மண்டபம் வரைக்கும் நான் ஓட்டிப் பாக்கறேன்."

மாப்பிள்ளை சிரித்தார். ஓட்டுநர் கதவைத் திறந்து, எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார். "ஓட்டுங்க மாமா. நீங்க வாங்கிக் குடுத்த வண்டி."

"நீங்க முன்னால உக்காருங்க. வழி சொல்லோணுமல்ல. மேகலை பின்னால வந்துக்கட்டும்."

நீட்டிய சாவி பாதியில் நின்றது.

"இல்லீங்க மாமா."

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"நான் பின்னால உக்காந்துக்கறேன். அவளே முன்னால இருக்கட்டும். அவளுக்கு அதுதான் பழக்கம்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஓட்டுநர் பக்கம் போகவில்லை. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி இடதுபுறம் வந்தார். கதவைத் திறந்தார். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த லெட்டர் யாருக்குப்பா? கலெக்டருக்கா?"

அவர் குனிந்து, சீட்டுக்கடியில் கிடந்த அவள் செருப்புகளை எடுத்தார். சுடும் தரையில், அவள் கால் வைக்கத் தோதாக, ஜோடி சேர்த்து வைத்தார்.

"எறங்கு சாமி."