இன்ஜின் எண் 382

பல் டாக்டர் வெளியூரிலிருந்து திரும்பியதும், பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நேரே கார் ஷெட்டுக்குப் போனார். அவருடைய உயிரான பழைய இத்தாலிக் கார் பத்திரமாக நின்றது.

"உங்களைத் தேடி ஒருத்தர் வந்தாரு," என்றாள் மனைவி. "அவர்கிட்டயும் இதே கார் இருக்காம். எப்பவோ ஒரு பட்டறையில ரெண்டு இன்ஜினும் மாறிப்போச்சாம். உங்க 382 அவர்கிட்ட இருக்காம். மாத்திக்கலாம்னு வேன்லயே ஏத்திட்டு வந்துட்டாரு."

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரின் பாடியில் இருக்கும் எண்ணும் இன்ஜினில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அசல் என்று மதிப்பார்கள். அந்த 382க்காக இருபது வருடம் அவர் எழுதாத கடிதமில்லை.

"எங்கே அது?"

"நம்ம பானட்டைத் திறந்து பார்த்தாரு. இதுலயும் 382னுதானே இருக்கு? அப்ப என்னோடது போலின்னு முகம் தொங்கிப்போய்க் கிளம்பிட்டாரு."

டாக்டர் மனைவியிடம் அந்த ஆளின் போன் நம்பரை வாங்கி உடனே போன் போட்டார்.

"அதுவா? அன்னிக்கே காயலான் கடையில போட்டுட்டேன் சார். என் கண்ணு முன்னாடியே உடைச்சு உருக்கிட்டாங்க."

"ஐயோ, அதுதாங்க அசல்! இங்க இருக்கிறது உங்களோடது. இனிமே கிடைக்காதுன்னு வெறுத்துப்போய், போன மாசம் நான்தான் பழைய நம்பரை ராவிட்டு 382னு வெட்டினேன். பல்லு ராவுற மெஷின்ல!"

மறுமுனையில் ஒரு வறட்டுச் சிரிப்பு.

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. நானும் லென்ஸ் வச்சுப் பார்த்தேனே! ஃபேக்டரியைத் தவிர அவ்வளவு சுத்தமா யாரு சார் வெட்ட முடியும்?"