எங்கள் வீட்டு வெள்ளம்

எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும் வெள்ளம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வந்திருந்தது.

மற்ற வீடுகளில் ஜன்னலின் அடி விளிம்போடு நின்றுவிட்டது. தையல்காரர் வீடு, தபால்காரர் வீடு, மூலை மருந்துக்கடை, எங்கே அளந்தாலும் பழைய கறை ஒரே மட்டம். எங்கள் கூடத்தில் மட்டும் கதவு நிலைக்கு மேலே பச்சைப் பெயின்டில் ஒரு கோடு. அம்மா போட்டது.

தண்ணீர் ஆளுக்கொரு நியாயம் பேசாது. ஒரு தெருவில் நின்றால் ஒரே மட்டமாகத்தான் நிற்கும். எங்கள் குடும்பத்தின் மேல் மட்டும் அதற்கு என்ன தனிப் பகை?

எனக்கு இது விளையாட்டில்லை. மழை முன்னைப் போல இல்லை. இனி ஆறு எவ்வளவு உயரும் என்று கணித்துச் சொல்வதுதான் என் வேலை. அதற்கு என் கணினி முதலில் பழைய வெள்ளத்தைச் சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அதை நம்பித்தான் கரை கட்டப்போகிறார்கள். குறைத்துச் சொன்னால் தெரு மூழ்கும். கூட்டிச் சொன்னால் கரை அகலமாகி, இதே தெருவில் பாதி வீடுகளை விழுங்கிவிடும்.

ஆகவே எங்கள் வீட்டையே சந்தேகக் கேஸில் பிடித்து விசாரித்தேன்.

முதலில் மட்டம் பார்க்கும் கருவியைச் சந்தேகப்பட்டேன். அது யோக்கியம். அடுத்து தரையை. நாங்கள் மட்டும் பள்ளத்தில் இருக்கிறோமோ? இல்லை, பக்கத்து வீட்டுத் தரையும் எங்கள் தரையும் ஒன்றுதான். சுவர் ஈரத்தை மேலே இழுத்திருக்குமோ என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். அளவுகோல் பிடித்துக்கொண்டிருந்த சக ஊழியர், அடுத்த சந்தேகம் தன்மேல்தான் என்று நினைத்தாரோ என்னவோ, மெல்ல வாசலுக்கு நழுவிவிட்டார்.

மிச்சமிருந்தது அம்மா. அந்த வெள்ளத்தில்தான் தம்பி போனான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண்ணுக்குத் தண்ணீர் உயரமாகத்தான் தெரிந்திருக்கும். அவளிடம் போய் அளவு தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

உண்மையில் அந்தக் கோடுதான் என்னை இந்த வேலைக்கே இழுத்து வந்தது. அதன் அடியில் உட்கார்ந்துதான் பாடம் படித்தேன். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் நான். வெள்ளம் வடிந்ததும் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கோடும் போட்டாகியிருந்தது.

சுண்ணாம்பு! அது படாத இடம் எங்காவது இருக்குமே.

கூடத்து மூலையில் பெரிய மர அலமாரி. நான் பிறந்ததிலிருந்து அதை யாரும் நகர்த்தியதில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

பின்னால் சேற்றுக் கறை. ஜன்னலின் அடி விளிம்புக்கு நேராக, தெருவில் எல்லோருக்கும் போலவே. அதற்கு மேலே சுவர் சுத்தமாக இருந்தது.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. புதிர் விடுபட்டது, கணக்கு தேறியது, வீடுகளும் தப்பின.

"அம்மா, நீ போட்ட கோடு தப்பும்மா!" என்று கத்தினேன்.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நகர்ந்திருந்த அலமாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெருவுக்கு எழுதணும்னா அந்தக் கறையை எழுதிக்கோடி. மேல போட்டது உனக்காகப் போட்டது."

வெள்ளம் வந்த அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் மூன்று வயதுத் தம்பியும்தான். தண்ணீர் உள்ளே வந்ததும் நான் பரணில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவன் கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அதை நினைத்து நான் அழும்போதெல்லாம் அம்மா அந்தக் கோட்டைக் காட்டுவாள். அவ்வளவு தண்ணீரில் யார் இறங்கியிருக்க முடியும் என்பாள். அழுகை நின்றுவிடும்.

என்ன உயரம் எழுதட்டும் என்று வாசலிலிருந்து சக ஊழியர் கேட்டார்.

ஜன்னலின் அடி விளிம்பு என்றேன்.

அன்று, பதினோரு வயதில், அது எனக்கு இடுப்பளவு.