முதல் பூச்சு அப்பாவுக்கு

"கையை நீட்டு" என்றாள் மேஸ்திரி.

நீட்டினான்.

மேஸ்திரிக்கு வயது நாலு. இப்போதுதான் குளித்து முடித்து, ஜட்டியோடு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இன்னொரு குட்டை ஸ்டூலில், முட்டி காதைத் தொட, அவளுடைய அப்பா. பகலில் அவன் வேறொரு மேஸ்திரியிடம் டைல்ஸ் ஒட்டுகிறான். அந்த மேஸ்திரியையாவது ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம்.

இருவருக்கும் நடுவே பாய். பாயின் மேல் களிம்பு டப்பா.

துவட்டும்போது தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் களிம்பு போட்டுவிட வேண்டும். முழங்கை மடிப்பு, கழுத்து, முட்டிக்குப் பின்பக்கம். தினமும். டாக்டர் இதற்கு எக்ஸிமா என்று பெயர் சொன்னார். வீட்டில் இதற்கு 'அது' என்று பெயர். "அது இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொள்வார்கள், வந்து தங்கிவிட்டுக் கிளம்பவே கிளம்பாத சொந்தக்காரரை விசாரிப்பது போல.

"எரிஞ்சா சொல்லுங்க, வேற தரேன்" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"எரியவே இல்ல டாக்டர், சமத்தாப் போட்டுக்கறா" என்று ஒவ்வொரு முறையும் அவன்தான் முந்திக்கொள்வான்.

அந்தச் சமத்து சும்மா வரவில்லை. ஆரம்பத்தில் அம்மா கையைப் பிடிக்க, இவன் காலைப் பிடிக்க, கோழி அமுக்குகிற மாதிரிதான் பூச வேண்டியிருந்தது. முடிந்ததும் குழந்தை அழுகையை நிறுத்திவிடும். இவனுக்குத்தான் நிற்காது.

கடைசியில் மேஸ்திரியே ஒரு சட்டம் போட்டாள். எரியாது என்றால் முதலில் உனக்குப் போடு. உன் முகம் கோணவில்லை என்றால் எனக்கும் போடலாம்.

அவன் கை சிமெண்ட் தின்ற கை. விரலுக்கு விரல் வெடிப்பு. மேஸ்திரியோ மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போகிற ஆள் இல்லை. டைல்ஸ் இடுக்கை அப்பா எப்படி அடைக்கிறான் என்று ஒருநாள் வேலையிடத்தில் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி களிம்பை ஆள்காட்டி விரலால் எடுத்து வெடிப்பு வெடிப்பாக அடைப்பாள். அடைத்துக்கொண்டே முகத்தைப் பார்ப்பாள்.

அவன் ஒன்றும் வீரன் இல்லை. ஊசிக்குப் பயந்து காய்ச்சலையே மறைத்தவன். ஆனாலும் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தான். எரிச்சலை மொத்தமாகக் கீழே அனுப்பிவிடுவது. மேலே பல் தெரியச் சிரிப்பான். கீழே கால் விரல்கள் பத்தும் பாயைக் கவ்விக்கொள்ளும்.

குழந்தைகள் முகத்தைத்தான் பார்க்கும் என்பது அவன் கணக்கு.

நேற்று அந்தக் கணக்கு எங்கோ உதைத்தது. முகம் கோணவே இல்லை என்று அவன் சத்தியம் செய்வான். பாதி அடைத்தவள், தலையைக் குனிந்து கீழே பார்த்தாள். பிறகு, "இன்னிக்கு யாருக்கும் வேணாம்" என்று டப்பாவை மூடிவிட்டாள்.

இரவெல்லாம் சொறிந்திருக்கிறாள். காலையில் தலையணை உறையில் ரத்தம்.

"இன்னிக்கும் நடக்கலைன்னா நானே அமுக்கிப் போட்டுடுவேன். அப்பனும் பொண்ணும் விளையாடினது போதும்" என்று சமையலறையிலிருந்து மனைவி எச்சரித்தாயிற்று.

அந்த அவசரத்தில் டவலைக் கொடியில் போடக்கூட நேரமில்லை. துவட்டிய டவல் அவன் பாதத்தின் மேலேயே விழுந்து கிடந்தது.

மேஸ்திரி வேலையைத் தொடங்கினாள். சுண்டுவிரல் தாங்கியது. நடுவிரல் தாங்கியது. கட்டைவிரல் பக்கத்துப் பெரிய வெடிப்புக்கு வந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் கோத்தது. அதைக் கொட்டாவி என்று சொல்லிச் சமாளித்தான்.

"எரியுதா?"

"சேச்சே. ஜில்லுனு இருக்கு."

அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். டவலின் மறுமுனையை இழுத்துத் தன் பாதத்தின் மேல் போட்டுக்கொண்டாள்.

குளிர்கிறது போலிருக்கிறது.

ஒரு டைல் மயிரிழை தூக்கியிருந்தாலும் கண்டுபிடிக்கிற உள்ளங்கைதான் அவனுக்கு. ஆனால் அது உப்புத்தாள். அதனால் புறங்கையால்தான் பூசுவான். நேற்று சொறிந்த இடமெல்லாம் வாய் திறந்து சிவந்து கிடந்தது. முழங்கை மடிப்பு முடிந்தது. கழுத்து முடிந்தது. அவள் அசையவில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எரியுதா மேஸ்திரி?"

"சேச்சே. ஜில்லுனு இருக்கு."

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருவழியாகக் களிம்பு ஒத்துக்கொண்டுவிட்டது. அடுத்த முறை டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

முட்டிக்குப் பின்பக்கம்தான் பாக்கி. டவலை விலக்கினான்.

பத்துச் சின்ன விரல்கள் பாயைக் கவ்விக்கொண்டிருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன.

அவள் வெடுக்கென்று டவலை இழுத்து மூடினாள்.

"காலைப் பாக்கக் கூடாதுப்பா. இன்னிக்கு நான் பாத்தேனா?"

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, எரியுதாமா?"

வழக்கமான 'சேச்சே'க்கு வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டான். டவலோடு சேர்த்து அந்த இரண்டு பாதங்களையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எரியுது" என்றான். "ரொம்ப எரியுது. நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடலாம்."

அப்போதுதான் மேஸ்திரியின் முகம் கோணியது.